கத்திப்பாரா முதல் செங்கல்பட்டு வரை: ஒரு சாலையின் இரண்டு வேலைகள்

திரிசூலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி நின்றால் சென்னையின் தென்வாசல் ஒரே பார்வையில் அடங்கிவிடும். முதுகுப் பக்கம் மலை. காலடியில் தண்டவாளங்கள். அதை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலை. சாலைக்கு அப்பால் மெட்ரோவின் உயர்நிலைப் பாதை, விமான முனையங்கள், அவற்றுக்கும் பின்னால் ஓடுபாதை. எல்லாம் கூப்பிடு தூரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. திருச்சிக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர், ரயிலில் போனாலும் பேருந்தில் போனாலும் காரில் போனாலும், இந்த இடுக்கு வழியாகத்தான் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள்.

கத்திப்பாராவில் அண்ணா சாலை முடிகிற இடத்தில் தொடங்கி, ஆலந்தூர், மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு செங்கல்பட்டை எட்டும்வரை ஏறத்தாழ 45 கி.மீ. நீளம். நீண்ட காலம் இது தேசிய நெடுஞ்சாலை 45. சென்னையில் தொடங்கித் திருச்சி, திண்டுக்கல் வழியாகத் தேனி வரை போன சாலையின் தலைப்பகுதி. 2010-இல் நெடுஞ்சாலைகளுக்கு எண்கள் மாற்றப்பட்ட பிறகு இந்தப் பகுதி 32 ஆயிற்று. எண் மாறினாலும் மக்கள் வாயில் அது ஜி.எஸ்.டி. ரோடுதான், 'தென் பெருவழி' என்று பொருள்படும் வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலப் பெயரின் சுருக்கம்.

இந்தச் சாலைக்கு இரண்டு வேலைகள். தொலைதூரம் போகிறவரைத் தடையில்லாமல் கடத்திவிடுவது ஒன்று. ஓரத்தில் குடியிருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்குக் கடைத்தெருவாக, பள்ளிக்குப் போகும் வழியாக, ரயிலைப் பிடிக்கும் வாசலாக இருப்பது இன்னொன்று. முதல் வேலைக்காகவே சாலை பிறந்தது. இரண்டாவது வேலை நூறாண்டுகளில் மெல்ல மெல்ல அதன் தலையில் ஏறியது. சாலையைப் பற்றி முடிவெடுத்தவர்கள் அநேகமாக எப்போதும் முதல் வேலையை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

முதலில் நிலத்தைப் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் சாலையின் தடத்தை முடிவு செய்தது அதுதான். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், வண்டலூர் என்று சிறு குன்றுகள் வரிசையாக எழுகின்றன. இடையிடையே ஏரிகள். குன்றுக்கும் ஏரிக்கும் நடுவே மேடான தரையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் மழைக்காலத்தில் வண்டி ஓடும். இன்று எட்டு வழியாக்கப்பட்ட இடங்களிலும் சாலை அநேகமாக அந்தப் பழைய மாட்டுவண்டித் தடத்தின் மீதுதான் கிடக்கிறது.

அந்தக் குன்றுகளின் பாறைக்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு. கல்கத்தா நகருக்கு அடிகோலியவர்களில் ஒருவரான ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தக் கல்லறைப் பலகை பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் பாறை வகையைச் சேர்ந்தது என்று கண்டார் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து. 1893-இல் அந்தப் பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். இன்று அன்டார்க்டிகாவில் அந்த வகைப் பாறையைப் பார்க்கிற ஆய்வாளரும் இந்தப் பெயரைத்தான் எழுதுகிறார். நம் ஊர்க்காரர்களுக்கு அது வெறும் கருங்கல். பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் பம்மலிலும் அதை வெடிவைத்து உடைத்து ஜல்லியாக்கி, சென்னையின் வீடுகளுக்கும் சாலைகளுக்கும் போட்டோம். குன்றுகள் இருந்த சில இடங்களில் இப்போது தண்ணீர் நிற்கும் ஆழமான குவாரிக் குழிகள் இருக்கின்றன.

அதைவிடப் பழைய செய்தி ஒன்றும் உண்டு. 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் படையினரின் அணிவகுப்பு மைதானத்துக்கு அருகே சரளை வெட்டிய ஒரு குழியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற இளம் புவியியலாளர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இருபுறமும் செதுக்கப்பட்ட கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று. சில மாதங்களிலேயே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள். இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலம் பற்றிய ஆய்வு தொடங்கிய இடம் என்று பல்லாவரத்தைச் சொன்னால் மிகையில்லை. அதே பல்லாவரத்துக் குன்றில் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களோடு ஒரு குடைவரை இருக்கிறது. பின்னாளில் அது தர்காவாகி இன்றும் வழிபாட்டில் உள்ளது. தினமும் அந்த வழியே போகிற பேருந்துப் பயணிகளில் எத்தனை பேருக்கு இவை தெரியும்? நெடுஞ்சாலைத் துறை வைக்கும் பச்சைப் பலகைகளில் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். ஊரின் பெருமையைச் சொல்ல அதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

சாலையின் எழுத்து வரலாறு பரங்கிமலையிலிருந்து தொடங்குகிறது. புனித தோமையார் மலை என்றும் அழைக்கப்படும் அந்த மலைக்குப் போகும் பக்தர்களுக்காக, அர்மேனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் மலைக்குப் படிகள் கட்டினார். வழியில் அடையாறு குறுக்கிட்ட சைதாப்பேட்டையில் 1726-இல் ஒரு பாலமும் கட்டிக்கொடுத்தார். மர்மலாங் பாலம் என்ற அது இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் உழைத்தது. 1960-களில் அதன் இடத்தில் இன்றைய மறைமலை அடிகள் பாலம் வந்தது. பக்தர்களுக்காகப் போட்ட வழியைப் படைகள் எடுத்துக்கொண்டன. 1769-இல் ஹைதர் அலி தன் படையோடு பரங்கிமலை வரை வந்து நின்றபோதுதான் ஆங்கிலேயர் உடன்படிக்கைக்கு இறங்கி வந்தார்கள். தெற்கிலிருந்து எதிரி வரக்கூடிய வழி இது என்பதால் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கன்டோன்மென்ட் அமைந்தது. 1840-களின் நடுவில் சென்னை மாகாண அரசு பெருவழிகளைப் பேணத் தனி மேற்பார்வையாளரை நியமித்தபோது, வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று பெருவழிகளும் சென்னையிலிருந்து கிளம்பின. மூன்றில் தெற்குப் பெருவழிதான் பின்னாளில் ஊர்களை மிகுதியாக ஈர்த்துக்கொண்டது.

ராணுவம் வந்த கதை இன்றும் சாலையின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. ஆலந்தூருக்கும் பல்லாவரத்துக்கும் இடையே சாலையை ஒட்டிய நிலத்தில் பெரும்பங்கு பாதுகாப்புத் துறைக்கும் விமான நிலையத்துக்கும் ரயில்வேக்கும் உரியது. ஒரு நடைபாதையை இரண்டடி நகர்த்துவதானாலும் பல அலுவலகங்களின் இசைவு வேண்டும்.

ஊர்களை இங்கே கொண்டுவந்து இறக்கியது ரயில். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்தில் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கைமுறை சென்னைக்கு அந்த ரயிலில்தான் வந்தது. 2004 ஜூலையில் கடைசி மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடி முடிக்கும்வரை, குரோம்பேட்டைக்காரருக்கும் தாம்பரத்துக்காரருக்கும் கடிகாரம் அதுதான்.

ரயிலுக்குச் சற்று முன்னும் பின்னும் இந்த வழிக்கு வந்தவர்கள் நிலத்தையும் காற்றையும் தேடி வந்தார்கள். குரோம் முறையில் தோல் பதனிடும் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லாவரத்துக்குத் தெற்கே வந்தது. அதைச் சுற்றி எழுந்த பேட்டைதான் குரோம்பேட்டை. அடுத்து வந்தது சானடோரியம். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய்க்கான சானடோரியம் நடத்தியவர். 1914-இல் கணிதமேதை ராமானுஜன் கப்பலில் இங்கிலாந்து சென்றபோது உடன் பயணம் செய்தவர்களில் இவரும் ஒருவர். மூன்றாண்டுகள் கழித்து உடல்நலம் குன்றிய ராமானுஜனைத் தன் சானடோரியத்தில் சேர்த்து மருத்துவம் பார்த்ததும் இவரே. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். திறந்த வெளி, மரநிழல், நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு: கையில் இருந்த சிகிச்சை இவ்வளவுதான். தாயகம் திரும்பிய முத்து, அந்தக் காற்றைத் தாம்பரத்துக்கு அருகே குன்றடிவாரத்தில் கண்டார். 1928-இல் இங்கே சானடோரியம் திறந்தார். 1937-இல் அது அரசின் கைக்குப் போனது. 1993 முதல், எச்.ஐ.வி. பாதித்தவர்களைத் தொடவே பலரும் அஞ்சிய நாள்களில், இந்த மருத்துவமனை அவர்களை உள்ளே அனுமதித்தது. பிறகு நாட்டிலேயே மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஊரே ஒதுக்கியவர்களுக்கு இரண்டு முறை இடம் கொடுத்த வளாகம் அது. ரயில் நிலையத்தின் பெயராகவும் பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் 'சானடோரியம்' நிலைத்துவிட்டது. நல்ல காற்றுக்காக ஒரு மருத்துவர் தேடிக் கண்ட இடத்தின் வாசலில் இன்று டீசல் புகை அடர்ந்திருக்கிறது என்பதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தன் நூற்றாண்டில், 1937-இல், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த நெரிசலான கட்டடங்களை விட்டுத் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. புதர்க்காடாக இருந்த சேலையூர்ப் பகுதியில் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரம் மரமாக நட்டு வளர்த்தார்கள். தாம்பரத்தில் இன்று நிழலென்று சொல்லத்தக்க பெரும்பரப்பு அந்த வளாகம்தான். 1949-இல் சி. ராஜம் தன் வீட்டையே விற்று, குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்கள். 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. நகரத்துக்குள் இடம் போதாமல் தவித்த விலங்குகள் காட்டோடு ஒட்டிய இடத்துக்கு வந்தன.

தொழில்கள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1984-இல் தாம்பரத்தில் மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி மண்டலம். அதையொட்டிய காலத்தில் திட்டமிட்ட துணைநகரமாக மறைமலை நகர். 1990-களின் இறுதியில் அங்கே ஃபோர்டு கார் ஆலை. 2000-களில் பரனூரில் மகிந்திரா வேர்ல்டு சிட்டி. ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆலை ஓய்ந்தது. அந்த ஒரு முடிவு மறைமலை நகரின் வாடகை வீடுகளையும் மெஸ்களையும் ஷேர் ஆட்டோக்களையும் எப்படி உலுக்கியது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் இந்த ஊர்கள் நிர்வாகத்தில் சிதறியே கிடந்தன. பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உருவானதே 2021-இல்தான்.

இனி சாலைக்கு என்ன செய்தோம் என்ற கேள்விக்கு வரலாம். 1987 டிசம்பரில் கத்திப்பாராவில் நேரு சிலையை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார், எம்.ஜி.ஆர். இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் கலந்துகொண்ட விழா அது. அப்போது அது ஒரு ரவுண்டானா. 2008-இல் அங்கே நாலிதழ் வடிவ மேம்பாலம் வந்தது. பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் பக்கம் போகும் புறவழிச்சாலை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. வெளிவட்டச் சாலை, 2020-இல் பல்லாவரம், வண்டலூர் மேம்பாலங்கள், தாம்பரத்துக்குத் தெற்கே சாலை அகலப்படுத்தல் என்று பணிகள் தொடர்ந்தன. இவற்றின் பயனை மறுக்கவே முடியாது. சரக்கு லாரிகள் நகரத்துக்குள் நுழையாமல் வடக்கே போக முடிகிறது. கத்திப்பாராவில் முன்பு காத்துக் கிடந்த நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு மேம்பாலமும் நெரிசலை அடுத்த சந்திப்புக்குத் தள்ளிவிட்டது. கத்திப்பாராவில் கரைந்தது பல்லாவரத்தில் கட்டியது. பல்லாவரத்தில் தளர்ந்தது குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் இறுகியது.

பெருங்களத்தூரைத் தென் மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின இரவுகளில், பைகளும் தூங்கும் குழந்தைகளும் மூட்டைகளுமாகக் குடும்பங்கள் சாலையோரத்தில் நள்ளிரவு தாண்டியும் நின்றன. முன்பதிவு செய்த பேருந்து எங்கே வருகிறது என்று ஓட்டுநருக்குப் போன் மேல் போன். கழிப்பறை இல்லை, உட்கார இடமில்லை. மாநிலத்தின் பாதிப்பேரை ஊருக்கு அனுப்பிவைத்த அந்த இடத்தில் அரசு கட்டி வைத்திருந்தது ஒரு நிழற்குடை அளவே. 2002-இல் கோயம்பேட்டில் பெரிய பேருந்து நிலையம் வந்தபோதும், தென்புறநகரில் குடியேறியவர்கள் அவ்வளவு தூரம் திரும்பிப் போகாமல் பெருங்களத்தூரிலேயே ஏறினார்கள். மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதைத் திட்டமிட்டவர்களுக்கு முன்பே மக்கள் அங்கே நின்று காட்டினார்கள்.

அதற்குப் பதிலாகவே வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் ஒரு முனையம் வந்தது. 88 ஏக்கரில் அமைந்த கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். அடுத்த சில வாரங்களில் தென்மாவட்ட அரசுப் பேருந்துகளும், சர்ச்சைக்கும் வழக்குக்கும் பிறகு ஆம்னி பேருந்துகளும் அங்கே மாற்றப்பட்டன. நெடுந்தூரப் பேருந்துகளை நகருக்கு வெளியே நிறுத்தும் முடிவு சரியானதுதான். வரிசை மட்டும் தலைகீழாகிவிட்டது. ரயில் நிலையமும், அதிலிருந்து சாலைக்கு மேலே முனையத்துக்கு இட்டுச்செல்லும் நடைமேம்பாலமும் முதலில் வந்திருக்க வேண்டும். பேருந்துகள் பிறகு வந்திருக்க வேண்டும். விடிகாலை நான்கு மணிக்கு மதுரையிலிருந்து வந்து இறங்கும் ஒரு முதியவர், வடசென்னையில் உள்ள தன் மகள் வீட்டுக்குப் போக இன்னொரு பேருந்து தேடி நின்றார் என்றால், முனையத்தின் குளிரூட்டிய கூடம் அவருக்கு என்ன செய்துவிடும்?

சாலையின் இரண்டாவது வேலையைத் தெளிவாகப் பார்க்கப் பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போக வேண்டும். புதிய சாலைக்கு இணையாகக் கிடக்கும் பழைய டிரங்க் ரோட்டில் அது கூடுகிறது. கருவாடும் காய்கறியும் ஒரு பக்கம். கூண்டில் புறா, கிளிக்குஞ்சு, கலர் மீன். பூச்செடி, மல்லி நாற்று. பழைய மிக்ஸி, கழற்றிய செல்போன் உதிரிகள், துருப்பிடித்த ஸ்பேனர், யாரோ வீட்டைக் காலி செய்தபோது வந்த தேக்கு நாற்காலி. பேரம் பேசாமல் யாரும் வாங்குவதில்லை. லாரிகள் வேறு தடத்துக்குப் போனதும், பழைய சாலை தன் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது.

புதிய சாலையில் நிலைமை வேறு. மாலை ஆறரை மணிக்குக் குரோம்பேட்டையில் ரயிலிறங்கி எதிர்ப்புறம் போக வேண்டியவருக்குச் சில நூறு மீட்டர் தள்ளி நடைமேம்பாலமோ சிக்னலோ உண்டு. கையில் காய்கறிப் பையும் முழங்காலில் வலியும் உள்ளவர் அதைத் தேடிப் போவதில்லை. நடுத்தடுப்பின் உடைந்த இடைவெளியில் கால்வைத்து ஏறி, வண்டிகளுக்குக் கைகாட்டிக்கொண்டே கடக்கிறார். அவரைச் சட்டம் மதிக்காதவர் என்று சொல்வது எளிது. அவர் போகிற வழியில் கடவை அமைக்காதது யார் குற்றம்? ராதா நகரில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. பொத்தேரியில் கல்லூரி மாணவர்கள் தண்டவாளத்தைக் கடந்து உயிரிழந்த செய்திகள் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. மேம்பாலத்துக்குக் கிடைத்த அவசரம் கடவைக்குக் கிடைக்கவில்லை.

மனிதரைப் போலவே தண்ணீரும் இந்தச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது. இரும்புலியூரில் ரயில் பாதையைத் தாண்டிய பிறகு, சாலையும் தண்டவாளமும் அடுத்தடுத்த இரண்டு கரைகளாகத் தெற்கே ஓடுகின்றன. கிழக்கே வண்டலூர்க் குன்றுகளிலிருந்தும் ஏரிகளிலிருந்தும் வழியும் நீர் மேற்கே அடையாற்றுப் படுகைக்குப் போக, இரண்டுக்கும் அடியில் உள்ள சிறுபாலங்களைத்தான் நம்பியிருக்கிறது. ஒவ்வொரு முறை சாலையை அகலப்படுத்தி உயர்த்தும்போதும் அந்தச் சிறுபாலங்களின் வாய் போதுமா என்று பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியபோது, மொட்டை மாடியில் நின்றவர்களைப் படகில் மீட்டார்கள். அதன் பிறகும் கனமழைக்கு ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் சாலையே ஓடையாகிறது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கத்துக்கு ஒரு சாலை போட்டு, மீதிப் பகுதியில் குப்பையும் கொட்டினோம். செங்கல்பட்டு ஏரி மாவட்டம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த தலைமுறை இதைச் செய்தது.

தெற்கே போகப் போகச் சாலைக்கு மூச்சு வருகிறது. சிங்கப்பெருமாள் கோயிலில் நரசிம்மர் குன்றைக் குடைந்த கருவறையில் இருக்கிறார். அவரை வலம்வர வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். செங்கல்பட்டை நெருங்கும்போது கொளவாய் ஏரி ரயிலுக்கும் சாலைக்கும் பக்கத்தில் விரிகிறது. ஆனால் விடுமுறை முடிகிற இரவுகளில் பரனூர்ச் சுங்கச்சாவடியிலிருந்தே வண்டிகள் நத்தையாக ஊர்கின்றன.

இப்போது மேசையில் இருப்பவை இரண்டு பெரிய திட்டங்கள். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15 கி.மீ.க்குச் சற்று மேல் மெட்ரோ நீட்டிப்பு ஒன்று. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு திசையில் உயர்மட்டச் சாலை மற்றொன்று. இரண்டில் எதற்கு முதலில் பணம் என்று கேட்டால் மெட்ரோவுக்குத்தான் என்பேன். உயர்மட்டச் சாலை செங்கல்பட்டுக்காரரையும் திருச்சிக்காரரையும் விரைவாக அனுப்பும். மெட்ரோ குரோம்பேட்டைக்காரரையும் ஊரப்பாக்கத்துக்காரரையும் வேலைக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். 2016-இல் விமான நிலையத்தோடு நின்ற மெட்ரோ, அதற்கு அப்பால் குடியிருக்கும் பெருங்கூட்டத்தை இத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்க வைத்திருக்கிறது.

தூண் நடும் முன்பே கேட்க வேண்டிய சில உண்டு. ஒவ்வொரு மெட்ரோ நிலையமும் பயணச்சீட்டு வாங்காதவரும் சாலையைக் கடக்க உதவும் பாலமாக இருக்க வேண்டும். அதன் மின்தூக்கி நள்ளிரவுக்குப் பிறகும் இயங்க வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் ஆகிய இடங்களில் மெட்ரோ நடைமேடையிலிருந்து மின்சார ரயில் நடைமேடைக்குச் சாலையில் இறங்காமலே போக வழி வேண்டும். கத்திப்பாராவிலிருந்து செங்கல்பட்டு வரை சாலைக்கு அடியில் செல்லும் ஒவ்வொரு சிறுபாலத்தையும் கால்வாயையும் எண்ணி, அளந்து, வரைபடமாக்கி, தாம்பரம் மாநகராட்சி அலுவலகத்திலும் வழியிலுள்ள நகராட்சிகளிலும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். இவை எதற்கும் புதிய நிலம் எடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்தில் சில பக்கங்கள் கூடுதலாக எழுதினால் போதும். எழுத வேண்டிய நேரம் அந்த ஆவணம் தயாராகும் இந்தக் காலம்தான்.